தண்ணீர்த் தொட்டியடியில் இருபது நிமிடம்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோதே வீட்டில் ‘கெழவன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் பையில் இருக்கும் நோட்டுகளை மூன்று தடவை எண்ணுவேன். ஸ்டவ் அணைந்ததா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். விம்கோ நகர் கேட்டில் சரக்கு ரயில் போனால், கடைசி வேகன்வரை எண்ணி முடிக்காமல் தண்டவாளத்தைத் தாண்ட மாட்டேன். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளியில் முட்டிபோட்டிருக்கிறேன். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஹார்பரில் லாரிக்குப் போய்விட்டு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “இன்னாடா கெழவா, இன்னிக்கு எத்தினி வேகன்?” என்பதுதான். சொன்னால் சிரிப்பார். சொல்லாவிட்டாலும் சிரிப்பார்.

எங்கள் காம்பவுண்டில் ஏழு போர்ஷன், முப்பத்தொரு பேர், ஒரு அடிபம்பு, இரண்டு கக்கூஸ். எங்கள் போர்ஷன் என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று. அதன் மூலையிலேயே சமையல். நைனா, அம்மா, மாமா, அக்கா, நான் என்று ஐந்து பேர். தொண்ணூறுகளின் கடைசியில் ஆறாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அது அக்காவின் டிராயிங் போர்டு. விரித்தால் அறையில் பாதியை அடைத்துக்கொள்ளும். மாமா தலையை அதன் அடியில் விட்டுக்கொண்டுதான் தூங்குவார். எழும்போது நெற்றியில் இடித்துக்கொண்டு, கட்டடக் கலையையே திட்டுவார்.

அக்கா கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடப் படிப்பின் கடைசி வருடம். பாரிமுனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். போக இரண்டு, வர இரண்டு, ஒரு நாளைக்கு நான்கு டிக்கெட். அந்த டிக்கெட்டுகளை அவள் என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

அந்தக் கல்லூரி இருந்த யூனிவர்சிட்டியில் புதன்கிழமை சாயங்காலம் மாணவர்களுக்குத் தியான வகுப்பு நடந்தது. வகுப்பு முடிந்தால் டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் கொடுப்பார்கள் என்பதற்காகத்தான் அக்கா முதலில் போனாள். இதை அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு பிஸ்கட்டைக் கைக்குட்டையில் சுற்றி எனக்குக் கொண்டுவருவாள். மூன்று மாதம் போனபிறகு பிஸ்கட்டை நிறுத்திவிட்டார்கள். அக்கா நிறுத்தவில்லை. வீட்டிலும் உட்கார ஆரம்பித்தாள்.

வீட்டில் எங்கே உட்காருவது? மொட்டை மாடியில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி ஒன்று நான்கு தூணின்மேல் நின்றது. அதன் அடியில் ஒருவர் உட்கார இடம் இருந்தது. காலை ஐந்தே முக்காலிலிருந்து நைனாவின் ஃபாக்டரிச் சங்கு ஊதி முடிகிறவரை அக்கா அங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். சங்கு ஆறு மணிக்கு என்று பெயர். உண்மையில் ஆறு ஐந்துக்குத்தான் ஊதும். ஆக இருபது நிமிடம்.

வயதுப் பெண் தனியாக மொட்டை மாடியில் இருக்கக் கூடாது என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். நான் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, எண்ணூர்ப் பக்கம் தெரிகிற புகைபோக்கிகளை எண்ணுவேன். அது முடிந்தால் அக்காவின் மூச்சை எண்ணுவேன். மனதுக்குள் எண்ணினால் தவறிவிடும் என்ற பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே எண்ணுவேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, அக்காவின் கடைசி ப்ராஜெக்ட். அவள் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல் வரைகிறேன் என்று ஆரம்பித்து, இரண்டு மாதமாக ஒரு கோடுகூட நகராமல் நின்றிருந்தாள். ஃபாக்டரியை மூடப்போகிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆபீஸ், பாஸ் செய்தால் வா என்று சொல்லியிருந்தது. பெயிலானால் இன்னும் ஆறு மாதம். ஃபாக்டரி ஆறு மாதம் தாங்காது என்பது நைனாவுக்குத் தெரியும். அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ராத்திரி போர்டுக்குப் பக்கத்தில் வந்து, வெற்றுத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

இப்படியிருக்கையில் மூன்றாம் போர்ஷன் அத்தையின் மூக்குத்தி காணாமல் போனது. அத்தை மீன் விற்கிறவர். விடியற்காலை கூடையோடு கிளம்பும்போது ஒருநாள் மாடியை அண்ணாந்து பார்த்தார். தலைமுடி விரிந்து, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவர் என்ன நினைப்பார்? கூடையை இறக்கி வைத்துவிட்டு மாடிக்கு வந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அக்காவின் முன்னால் நின்றார்.

“ஆத்தா, மூக்குத்தி போயி நாலு நாளாவுது. எங்க கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு தாயி.”

அக்கா கண்ணைத் திறந்தாள். “அத்தே, நான்தான். இன்னா இது, கையெல்லாம் கூப்பிக்கினு?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. உள்ள கீறவங்களக் கேக்குறேன்.”

விளக்கிப் பயனில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படாமல், அன்றைக்குக் காலையிலிருந்து எங்கெங்கே போனீர்கள், எங்கே முகம் கழுவினீர்கள், எந்தக் கையால் கழற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதினோராவது கேள்வியில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். தலைக்கு வைக்கிற சும்மாட்டுத் துணியின் மடிப்பைப் பிரித்தார். மூக்குத்தி அங்கே இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் திருவொற்றியூரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொட்டியடியில் ஒரு பெண் குறி சொல்கிறாள், கேள்வி கேட்டே கண்டுபிடிக்கிறாள், காசு வாங்குவதில்லை. மறுநாள் காலையில் நான்கு பேர். அதற்கு மறுநாள் ஆறு. பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்துகூட எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். யார் முதலில் வந்தது என்று படிக்கட்டில் சண்டை. எனக்கு அது பொறுக்கவில்லை. அக்காவின் பழைய பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கம் நம்பர் எழுதி டோக்கன் கொடுக்க ஆரம்பித்தேன். நான் அதுவரை செய்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் இருபது நிமிடம் நான்கு நிமிடமாகிப் போனது. மூன்றாம் நாள் அவள் அழுதுவிட்டாள். “யாராச்சும் என்ன கொஞ்ச நேரம் வுடுங்களேன்” என்றாள். அம்மா, வந்தவர்களைத் துரத்தவா என்று கேட்டாள். மாமா, உண்டியல் வைக்கலாமா என்று கேட்டார்.

மறுநாள் அக்கா வேறு முடிவோடு வந்தாள். சங்கு ஊதியபிறகுதான் யாரும் மேலே வரலாம். அவர்கள் ஒன்று கேட்டால் இவள் மூன்று கேட்பாள். பதிலை நான் கோடு போட்ட நோட்டில் எழுத வேண்டும். பம்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை? கருவாடு எங்கே காயவைப்பது? பெரிய பெண் எங்கே துணி மாற்றுகிறாள்? பையன் எந்த வெளிச்சத்தில் படிக்கிறான்? கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே.

“வூட்ல தனியா உக்காரணும்னா எங்க உக்காருவீங்க அத்தே?”

மூன்றாம் போர்ஷன் அத்தை தொட்டித் தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “தனியாவா? கக்கூஸ்லதான். அங்கியும் ஒருத்தி வந்து கதவத் தட்டிகினே இருப்பா.”

நான் எழுதிக்கொண்டேன். மொத்தம் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அதில் பதினேழு பேர் கக்கூஸ் என்றார்கள். மூன்று பேர் அப்படி உட்கார்ந்ததே இல்லை என்றார்கள். இரண்டு பேர் கோயில் என்றார்கள். ஒருவர் பதில் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஓட்டலை அக்கா கைவிட்டாள். எங்கள் காம்பவுண்ட் மாதிரி ஒரு இடத்தில், நடுவில் முற்றமும் சுற்றிலும் பன்னிரண்டு சின்ன வீடுகளும் வரைந்தாள். இரண்டு மாதம் நகராத பேனா, பதினெட்டு நாள் நிற்கவில்லை. மாமா போர்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அஞ்சு வருசம் படிச்சி, கடைசில நம்ப வூட்டியே வரையிறியா? இத நானே வரைவேனே.”

“நீ மொதல்ல நெத்தில இடிச்சிக்காம எழுந்திரு மாமா.”

தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அக்கா பம்படிக்குக் குளிக்கப் போயிருந்தாள். என் பையைப் பார்ப்பதுபோல அவள் தாளையும் ஒருதடவை சரிபார்த்துவிடலாம் என்று போர்டின் முன்னால் உட்கார்ந்தேன். சமையலறை, படுக்கை, குளியலறை என்று எல்லாவற்றிலும் இங்கிலீஷில் அழகாகப் பெயர் எழுதியிருந்தாள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலோரமாக நான்குக்கு நான்கு அடியில் ஒரு கட்டம், பெயர் இல்லாமல் வெறுமனே இருந்தது. பன்னிரண்டு வீட்டிலும் அப்படித்தான்.

கோடிட்ட இடத்தை நிரப்பாமல் விட்டால் மார்க் கிடையாது என்பது நான்காம் வகுப்புப் பையனுக்கே தெரியும். அக்கா பெயிலாகிவிடுவாள். நுங்கம்பாக்கம் ஆபீஸ் போய்விடும். ஃபாக்டரியும் மூடிவிடும். அந்த இடம் எதற்கு என்று யோசித்தேன். தொட்டியடி அளவுதான் இருந்தது. தொட்டியடியில் கையைக் கூப்பி நின்ற மூன்றாம் போர்ஷன் அத்தை அதற்கு என்ன பெயர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அக்காவின் மைப்பேனாவை எடுத்து, என் கையெழுத்திலேயே நன்றாக எழுதினேன், தமிழில், பன்னிரண்டு முறை: சாமி ரூம்.

அக்கா ஈரத்தலையோடு வந்து பார்த்தாள்.

“கெழவா, ஓடிடு” என்றார் மாமா மெதுவாக.

நான் மூடாத பேனாவோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நைனா சட்டைப் பித்தானில் கை வைத்தபடி நின்றுவிட்டார். பத்து மணிக்குத் தாள் கல்லூரியில் இருக்க வேண்டும். இரண்டு பஸ். அக்கா எங்கள் எல்லோருக்கும் நடுவில், ஸ்டவ்வுக்கும் போர்டுக்கும் இடையிலிருந்த இடத்தில், தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா வாணலியில் கரண்டி படாமல் பிடித்துக்கொண்டாள். வெளியே யாரோ பம்பு அடித்தார்கள். நான் எண்ணினேன், அன்றைக்கு மட்டும் மனதுக்குள். முந்நூற்று எண்பது வந்தபோது கண்ணைத் திறந்தாள்.

“நைனா, ஷேவிங் பிளேடு கீதா?”

நைனா புதுப் பிளேடைப் பாதியாக ஒடித்துக் கொடுத்தார். டிரேசிங் தாளில் மையைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டினால் போய்விடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினாள். துகளை ஊதுகிற வேலையை எனக்குக் கொடுத்தாள். அழுதுகொண்டே ஊதினேன். கண்ணீர் தாளில் விழாமல் மாமா என் தலையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். பதினோரு வீடு முடிந்தது. பன்னிரண்டாவதில் நான் பேனாவை அழுத்தியிருந்தேன். சுரண்டினால் தாளே கிழியும். அக்கா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது இருக்கட்டும்” என்று தாளைச் சுருட்டினாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம்: “ஏம்மா, மீதிப் பதினோரு வீட்டுக்காரங்களுக்குச் சாமி இல்லையா?” அது என் தம்பி எழுதியது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த இடம் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். “எதுக்கும் இல்ல சார். ஒருத்தர் உக்காரலாம்” என்றாளாம். அதற்குப் பிறகு அந்த ஒரு கட்டத்தைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார்களாம். அக்கா முதல் வகுப்பில் பாஸ் செய்தாள்.

அவள் இதைச் சொன்னபோது நான் கணக்குப் போட்டேன். நான்குக்கு நான்கு பதினாறு. பன்னிரண்டு வீட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சதுர அடி. எங்கள் போர்ஷனே நூற்றிருபதுதான். எதற்கும் இல்லாத இடம் எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறதே, இதை ஒருத்தரும் தப்பு என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். அக்கா என் தலையில் கை வைத்து முடியைக் கலைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, வழக்கம்போல அவளுக்கு முன்னால் மாடிப்படி ஏறினேன். கடைசிப் படியில் அவள் என் தோளைப் பிடித்தாள்.

“இன்னிக்கு நீ கீழ இருடா கண்ணு. அம்மா கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

சாமி ரூம் என்று எழுதியதற்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அப்போது நினைத்தேன். மாடிப்படி மொத்தம் பதினான்கு. ஏழாவதில் உட்கார்ந்துகொண்டு சங்கு ஊதுகிறவரை அழுதேன். அவள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கா பிறகு எத்தனையோ வீடுகள் கட்டிவிட்டாள். எனக்கும் ஹார்பரில் கண்டெய்னர் எண்ணுகிற உத்தியோகம் கிடைத்து, வீட்டில் வைத்த பெயருக்கேற்ப நரையும் வந்துவிட்டது. அந்தக் கோடு போட்ட நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அக்காவைத் தேடி மாடிக்கு வந்தவர்கள் இருபத்து மூன்று பேர் என்று அதில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, சத்தமாக மூச்சை எண்ணிக்கொண்டிருந்த ஒருவனை அதில் சேர்க்கவில்லை.