மலையிலேயே தங்கிவிட்ட அத்தா

மிளகு வாங்க அத்தாவும் நானும் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொல்லிமலைக்குப் போயிருந்தோம். அங்கே ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் ஒரு விவசாயி வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோதே அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

அடைமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டிருந்தது. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே, அம்மாவின் கபருக்குப் பக்கத்தில்தான் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அத்தாவின் ஆசை. "யா அல்லாஹ், இதைக்கூடத் தரமாட்டாயா?" என்று அழுதேன்.

விவசாயி என் தோளைத் தொட்டார். "நம்ம காட்டுலயே வெச்சுக்கலாமுங்க பாய். உங்க மொறைப்படி என்ன செய்யோணும், சொல்லுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சங்கடம்?"

"எத்தன வருசமா எங்கூட்டுல சோறுண்ட மனுசன்! அவருக்கு எடங்குடுக்க என்னங்க சங்கடம்?"

பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியை, அத்தாவின் உடலைச் சுற்றும் கபன் துணிக்குக் கொடுத்தார். மரவள்ளிக் காட்டு மேட்டில் அவரே குழி வெட்டினார். ஜனாஸா தொழுகைக்கு நான் ஒருவன்தான். எனக்குப் பின்னால் அவர் குடும்பமே மழையில் தலைகுனிந்து நின்றது.

அம்மா கீழேயும் அத்தா மேலேயும் இருப்பது இன்றும் வலிக்கிறது. ஏன் இப்படி என்று புரியவில்லை. துஆவில் மட்டும், "நீ அறிவாய்" என்று சொல்லிக் கையேந்துகிறேன்.