துரியோதனன் தொடையில் எழுதிய எண்

துரியோதனனை எப்போது கொல்லலாம் என்று ஒரு ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது நான் காஞ்சிபுரத்தில், உள்ளூர்க் கலைகளுக்குச் சிறு மானியம் வழங்கும் ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா.

தாமலுக்குப் போகும் வழியில், நெசவாளர்கள் நிறைந்த ஊர் அது. பாரதக்கூத்துத் திருவிழாவின் கடைசி நாளுக்காக, படுத்த கோலத்தில் பிரம்மாண்டமான மண் துரியோதனனைச் செய்வார்கள். பீமன் கதாயுதத்தால் தொடையில் அடிப்பான். உள்ளே புதைத்த கலயம் உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிந்த பிறகுதான் தீமிதிக்கு நெருப்பு வைப்பார்கள். அந்த மண் உருவத்துக்குத்தான் எங்கள் மானியம்.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். விதி ஒன்றுதான் அவருக்குத் தெய்வம்.

"கவர்மெண்ட் பணத்துல செஞ்ச பொருள். நம்பர் போடுங்க. நான் வந்து வெரிஃபை பண்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

கோயில் தர்மகர்த்தா தறிக்காரர். அவருக்கு இது விளங்கவே இல்லை. "சார், உடைக்கிறதுக்குன்னே செய்றோம். நெய்ஞ்சு முடிச்ச சேலைய அறுக்காம தறியிலயே வச்சிக்கினு இருன்ற மாதிரி இருக்குதே?"

"காலையில முதல் வேலையா வந்துடறேன்" என்று அதிகாரி பெருந்தன்மை காட்டினார்.

முந்தின நாளே பெயிண்ட் டப்பாவோடு போனேன். எண் எழுத வழவழப்பான இடம் தொடைதான் கிடைத்தது. அதுவரை கூத்தே பார்க்காதவன் நான். அந்த இடத்தின் மகிமை எனக்கு எங்கே தெரியும்?

மறுநாள் வெயில் ஏறியது. ஜீப் வரவில்லை. பீமன் கட்டைக் கிரீடத்தோடு வியர்த்து வழிந்தார். திரௌபதி வேஷக்காரர் தலைவிரி கோலமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். தீ மிதிக்கக் காப்புக் கட்டியவர்கள் பட்டினி. அவர்களில் தர்மகர்த்தாவின் மகளும் ஒருத்தி. காய்ச்சலில் பிழைத்த தன் குழந்தைக்காக வேண்டிக்கொண்டவள், நிற்க முடியாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தர்மகர்த்தா கைகூப்பினார். "இன்னா சார் இது? கிருஷ்ணரே சைகை காட்டிட்டாரு, உங்க ஆபீசரு உத்தரவு இன்னும் வரல. எம் பொண்ணு நிக்கிற நிலையப் பாருங்க."

பார்த்தேன். என் வேலை நிரந்தரமாவதற்கான காகிதம் அதே அதிகாரியின் மேஜையில்தான் கிடந்தது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

"அடிங்க" என்றேன்.

காத்திருந்த எரிச்சலையும் சேர்த்து அடித்தார் பீமன்.

ஜீப் வந்தபோது தீக்குழி எரிந்துகொண்டிருந்தது. துரியோதனன் இல்லை. படுகளத்து மண் வீட்டுக்கு நல்லது என்று ஆளுக்கொரு பிடி அள்ளிப் போயிருந்தார்கள்.

"பொருள் எங்கய்யா?" என்றார் அதிகாரி.

தர்மகர்த்தா தொடையிலிருந்து பெயர்ந்த மண்கட்டி ஒன்றை நீட்டினார். "இதோ இருக்குது சார். உங்க நம்பருக்கு ஒரு கீறல் இல்ல."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணைச் சரிபார்த்தார். "கரெக்ட். ஆபீஸ்ல பத்திரமா வையுங்க" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தீக்குழியைக் கும்பிட்டார். என் வேலையும் சில மாதங்களில் நிரந்தரமானது.

மண்கட்டி ஆபீஸ் பீரோவில் குடியேறியது. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பில் எடுத்துக் காட்டுவேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண்ணை அழியாத பெயிண்டில் எழுதுங்கள், பொருளை அவரவர் வழியில் போக விடுங்கள். நான் ஓய்வு பெற்ற அன்று, அடுத்து வந்தவரிடம் முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தேன்: துரியோதனன் உருவம், ஒன்று, நல்ல நிலையில்.