அழைப்பு வைக்காத கிணறு

1. நான் வேலைக்குப் போகும் கரிவலம்வந்தநல்லூர் பேருந்தின் நடத்துனர், முகநூலில் கிராமம் கட்டும் விளையாட்டில் என்னைப் பக்கத்து ஊர்க்காரியாகச் சேர்த்தார்.
2. செவ்வாயன்று தன் கிராமத்தில் பொதுக்கிணறு கட்டி முடித்தார்.
3. இரண்டு நாளில் ஐந்து பக்கத்து ஊர்க்காரர்கள் பொத்தானை அமுக்கித் திறக்காவிட்டால் கிணறு இடிந்துவிடும்.

அவர் காதில் பேனா செருகியிருப்பார். டிக்கெட் கிழிக்க எச்சில் தொடும் விரல் திரையில் படக்கூடாதென்று சுண்டுவிரலால்தான் விளையாடுவார்.

புதன்கிழமை வரை ஒருவரும் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, எல்லாரையும் சேத்து அழைக்க ஒரு பொத்தான் இருக்கே."

"அது அழைப்பா தாயி? நேர்ல போய்ச் சொல்லணும்லா."

"சரி, என்கிட்ட சொல்லிட்டீங்க. இப்பவே அமுக்குதேன்."

"இரு, இரு. ஒனக்கு இன்னும் அழைப்பே வைக்கலியே. ராயகிரிப் பெரியவருக்குத்தான் மொத அழைப்பு. வெளையாட்டுல நம்ம பக்கத்து ஊர்க்காரங்கள்லயே வயசுல மூத்தவரு, கோவிச்சுக்கிடுவாரு."

"அவருக்கு ஒரு போன் போடுங்களேன்."

"போன்லயா?" என்றவர், விசில் ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

வியாழனன்று விடுப்பெடுத்து ராயகிரிக்குப் போனார். பெரியவர் கல்யாண வீட்டுக்கு மேலநீலிதநல்லூர் போயிருந்தார். சாயங்காலம் கிணறு இடிந்தது.

"எல்லாரையும் அழைக்குத பொத்தான்ல ஒரு வெரல வச்சிருந்தா கெணறு நின்னுருக்கும்" என்று மறுநாள் அவரிடம் சொன்னேன். எரிச்சலில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கெணறு போனா கட்டிக்கிடலாம் தாயி" என்றார்.

இன்றைய நிலவரம்: கிணற்றை மறுபடி கட்டிவிட்டார். பெரியவருக்கு அழைப்பு வைத்தாயிற்று, அவர் திறந்தும்விட்டார். இன்னும் நான்கு பேர் வேண்டும், நாளை மாலை வரை நேரமிருக்கிறது. எனக்கு அழைப்பு வரவில்லை. பொத்தான் என் திரையில்தான் இருக்கிறது. நான் அமுக்கவில்லை.