பட்டிழை காட்டிய கசிவு

பிறர் முகத்தில் முகமூடி கட்டுவது என் தொழிலின் முதற்பாதி. கட்டிய பின் வசவு வாங்குவது மறுபாதி. ஆரணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிராணவாயு உருளைகளைப் பார்த்துக்கொண்ட காலத்தில் இரண்டையும் குறைவின்றிச் செய்தேன். நோயாளியின் மூக்கோடு போராடிக் களைத்த தோழர்களே, எண்பதுகளின் இறுதியில் எனக்கு வாய்த்த பதினைந்து நாட்களைக் கேளுங்கள்.

பட்டு நெசவாளர் ஏழுமலைக்கு உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். இரவெல்லாம் திணறியவர் பகலில் தறியிலேயே கண்ணயர்வார், இழைகள் அறும். தறியில் இருந்ததோ அவருடைய மகளின் முகூர்த்தப் புடவை. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த தம்பி தனசேகர் விடுப்பில் வந்தபோது ஓர் இயந்திரம் கொண்டுவந்தார். மூக்கின் மேல் பொருத்திய முகமூடி வழியே காற்றை ஊதி, தொண்டை மூடாமல் காப்பது அது. அண்ணன் பதினைந்து நாளில் பழகிக்கொண்டால் இங்கேயே இருக்கும். இல்லையேல் அங்கே காத்திருக்கும் வேறொரு நோயாளிக்குத் திரும்பிப் போகும். முகமூடியைப் பொருத்தும் பொறுப்பை எங்கள் மருத்துவமனை டாக்டரம்மா என்னிடம் ஒப்படைத்தார்.

இறுக்கிய பட்டை

உறுதி என்பது இறுக்கம் என்று நான் நம்பிய வயது அது. காற்று கசிகிறதென்றார் ஏழுமலை. பட்டையை ஒரு பிடி இழுத்தேன். இன்னும் கசிகிறதென்றார், இன்னொரு பிடி இழுத்தேன். முகமூடியின் மெல்லிய விளிம்பு காற்றால் உப்பித் தானே முகத்தில் படிய வேண்டும். இறுக்கினால் அது மடிந்து புது வழி திறந்துவிடும். இதை நான் அறியவில்லை. மறுநாள் அவருடைய மூக்குத்தண்டில் கன்றிய தடம். கசிந்த காற்று விடிய விடிய அடித்ததில் கண்கள் இரண்டும் சிவப்பு. அந்தக் கண்ணுக்கு இழை எங்கே தெரியும்?

அவர் மனைவி சரோஜா வாசலிலேயே என்னை நிறுத்தினார். "தூங்கறதுக்கு மாட்னீங்களா, இல்ல மூஞ்சிய பேத்தெடுக்கறதுக்கு மாட்னீங்களாங்க?"

அடைத்த துளை

நான்காம் நாள் ஏழுமலை தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரவில் மூச்சு முட்டியதாம். விடிந்தால் மண்டையைப் பிளக்கும் வலி. முகமூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கசிவு இதுதான் என்று எண்ணி, முன்பக்கத் துளையில் கழிவுப் பட்டு நூலைத் திணித்து, பசை தடவி, நூல் சுற்றி, நேர்த்தியாக மூடியிருந்தார். நாம் விடும் மூச்சு வெளியேறுவதற்கென்றே வைத்த துளை அது! கெட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறார். நடு இரவில் முகமூடியைத் தாமே பிடுங்கி எறிந்ததால் பிழைத்தார். வேண்டிய துளை எது, வேண்டாத கசிவு எது என்று முதல் நாளே சொல்லாதது என் குற்றம். நண்பர்களே, கருவியைக் கையில் கொடுத்துவிட்டு அதன் காரணத்தை மறைக்காதீர்கள்.

நான் விளக்கி முடித்ததும் அவர் சொன்னார்: "பொடவைல ஓட்டை இருந்தா கூலிய புடிச்சுக்கறாங்க, மூக்குல ஓட்டை இருந்தா நல்லதுன்றீங்க. நான் எதங்க நம்பறது?"

அசைந்த இழை

ஒருவன் சைக்கிள் டியூபில் நாள்தோறும் காற்றை அடித்தானாம். தண்ணீரில் முக்கிப் பார் என்றவனைப் பார்த்துச் சிரித்தானாம். கடைசியில் சைக்கிளைத் தோளில் சுமந்து சந்தைக்குப் போனானாம். அவன் வேறு யாருமல்லன், நானே. கசியும் இடத்தைத் தேடாமல் ஒரு வாரம் பட்டையோடு மல்லுக்கட்டியிருந்தேன்.

அவரை உட்கார வைத்துப் பொருத்தியதும் தவறு. படுத்தால் கன்னம் சரியும். புரண்டால் தலையணை முகமூடியைத் தள்ளும். ஆகவே ஒரு மதியம் அவரைப் பாயில் படுக்க வைத்து இயந்திரத்தை ஓட்டினேன். கசிவு கைக்குத் தட்டுப்படவில்லை. அவரே கைகாட்ட, சரோஜா தறியிலிருந்து முறுக்கேற்றாத ஒற்றைப் பட்டிழை கொண்டுவந்து விளிம்பை ஒட்டிப் பிடித்தார். கன்னத்தருகே இழை அசையவில்லை. இடக்கண்ணின் ஓரத்தில் படபடவென்று துடித்தது. கீழ்ப்பட்டையைத் தளர்த்தி, முகமூடியைச் சற்றே தூக்கிக் காற்று நிரம்பியதும் விட்டேன். இழை நின்றது. மகிழ்ச்சியில் ஏழுமலை ஏதோ பேசப்போக, காற்றெல்லாம் வாய்வழியே கொட்டிற்று. திகைத்து உதடுகளைப் பொத்திக்கொண்டார்.

சரோஜா இழையைச் சுருட்டியபடி சொன்னார்: "கண்ணாலம் ஆயி இருவத்தஞ்சு வருசத்துல இவரு வாய மூடிகினு இருக்கறத இன்னிக்குத்தாங்க பாக்கறேன்."

வாய்க்கட்டு

விழித்திருக்கையில் மூடிய வாய் உறக்கத்தில் திறந்துகொண்டது. மோவாயைத் துணியால் தாங்கி உச்சியில் முடிந்தால் போதும் என்று துண்டை எடுத்தேன். சரோஜா அலறிவிட்டார். பிணத்துக்குக் கட்டுவது போலல்லவா கட்டச் சொல்கிறேன்! திருமணம் நடக்கவிருக்கும் வீட்டில் வெள்ளைத் துண்டை நீட்டிய என் அறிவீனத்தை என்னென்பேன்? அவ்வேளையில் இயந்திரத்தின் காலிப் பெட்டியோடு வந்து நின்றார் தனசேகர். "பேஜாரு வேணாண்ணா. மூணு நாளுதான் கீது. நான் எடுத்துகினு போயிடட்டா?"

ஏழுமலை எழுந்து போய், முன்னொரு புடவையில் மிஞ்சிய அரக்குப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். ஓரத்தில் சரிகை மின்னியது. அதை மனைவியின் கையில் வைத்துச் சொன்னார்: "சரிக போட்ட வாய்க்கட்டு எந்தப் பொணத்துக்கும் கெடைக்காது. கட்டுடி!"

பதினைந்தாம் நாள்

அன்று பகலில் நான் போனபோது தறியின் ஓசை தெருமுனையிலேயே கேட்டது. காலையில் உட்கார்ந்தவர் ஒருமுறையும் கண்ணயரவில்லையாம். நெய்த புடவையைத் தனசேகர் முழம் முழமாக வெளிச்சத்தில் தடவிப் பார்த்தார். மூன்று நாள் நெசவில் ஓர் இழையும் அறுந்திருக்கவில்லை. இடப்பக்கம் புரண்டால் மட்டும் ஒரு சிறு சீறல் மிச்சமிருந்தது. அதையும் ஒழிக்கத் துடித்தேன். கண்ணில் படாமல், தூக்கத்தைக் கலைக்காமல் கசிவது கசியட்டும் என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். விடாமுயற்சியோடு விட வேண்டிய இடத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்.

தனசேகர் காலிப் பெட்டியைச் சரோஜாவிடம் நீட்டினார். "பெட்டி சும்மா போவக்கூடாது அண்ணி. எங்க ஊட்டுக்காரிக்கு ஒரு பொடவை வெச்சுக் குடுங்க."

அந்தப் பதினைந்து நாளில் முகமூடியை நான் திருத்தினேன், என்னை அவர்கள் திருத்தினார்கள், ஆனால் கூலி மட்டும் எனக்கே கிடைத்தது.