விடத்தல்தீவுக் கடலில் நோகாத கால்

மாசி மாதம் நான் விடத்தல்தீவுக்குப் போனது பறவை பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி அன்ரன் ஒப்பரேசனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். விபத்தில் உடைந்த தொடை எலும்பு ஒன்றரை வருடமாக ஒட்டவில்லை. உள்ளே வைத்த கம்பியும் முறிந்துவிட்டது. எனக்கும் முன்பு கால் எலும்பு ஒட்டாமல், இரண்டாம் ஒப்பரேசனில்தான் சரிவந்தது. "உங்கட காலைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று மனைவி அனுப்பினாள். காட்சிப் பொருளாகப் பயணம் செய்தது அதுதான் முதல் தடவை.

மன்னார் பஸ் நிலையத்தில் பகல் ஒரு மணிக்கு யாழ்ப்பாணப் பஸ். வீதியில் திரியும் கழுதைகள் வழிவிடப் பத்து நிமிடம். இருபத்தைந்து கிலோமீற்றர், நூற்றைம்பது ரூபா. காலில் கம்பி உள்ளவர்கள் பஸ்ஸின் நடைபாதை ஓர இருக்கையில் இருங்கள், கால் நீட்டலாம். இறங்கியதும் ஓட்டோக்காரரிடம் அன்ரன் வீட்டைக் கேட்டேன்.

"வீட்டில இரார். கடலுக்க நிப்பார்" என்றார் அவர், திரும்பிப் பாராமல்.

கரையில் ஊன்றுகோல்கள் இரண்டும் கிடந்தன. அன்ரன் நெஞ்சளவு தண்ணீரில், முதுகைக் காட்டியபடி, நொண்டாமல் நடந்துகொண்டிருந்தான். கண்டல் மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

"முந்தி நண்டு வலையோட போவார். இப்ப சும்மா போறார், அண்ணா. சாப்பிடக் கூப்பிட்டாலும் வாறாரில்லை" என்றாள் கரையில் நின்ற அவன் மனைவி ஜெசிந்தா.

நானும் இறங்கினேன். காலைக் காட்ட வந்து தண்ணீருக்குள் இறங்கிய முட்டாள் நான்தான்.

"பாருங்கோ அத்தான், நோவில்லை. மாதா சுகமாக்கிப்போட்டா. கரையிலதான் இது சரிவருகுதில்லை" என்றான் அன்ரன்.

தண்ணீர் ஆளைத் தாங்கியது, அவ்வளவுதான். ஒட்டாத எலும்பின் முனைகள் மழுங்கிப் பொய் மூட்டாகிவிடும், நோவும் குறையலாம் என்று என் டொக்டர் சொல்லியிருந்தார். அன்ரனின் கையை எடுத்து அவன் தொடையில் வைத்து, முழங்காலை மெல்லப் பக்கமாக அசைத்தேன். நடுத்தொடையில், மூட்டே இல்லாத இடத்தில், கால் மடங்கியது. அவன் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு நாளும் அந்த இடத்தை அவன் தொட்டே பார்க்கவில்லை.

"அத்தான், இது ஆரின்ட கால்?"

சட்டென்று அவன் காலை விட்டுவிட்டேன். பயந்துபோனேன். (நீங்கள் இதைச் செய்யாதீர்கள். பிறகு டொக்டரிடம் எனக்கு நல்ல ஏச்சு.)

அடுத்த நாள் பஸ்ஸில் முதலில் ஏறியவன் அன்ரன்தான். ஆஸ்பத்திரியில் பழைய கம்பியை எடுத்து, எலும்பின் செத்த முனைகளை இரத்தம் கசியும்வரை சுரண்டி, தடித்த கம்பி போட்டு, இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து இடைவெளியில் நிரப்பினார்கள். இப்படிப் போகிறவர்கள் பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சிகரெட்டை முன்கூட்டியே விடுங்கள், அது எலும்பை ஒட்டவிடாது. ஒட்டியதா என்று தெரியவே மாதக்கணக்காகும். நோவில்லை என்பதை மட்டும் சுகம் என்று நம்பிவிடாதீர்கள்.

மயக்கம் தெளிந்ததும் அன்ரன் தொடையில் கைவைத்தான். "ஐயோ, நோகுது!" என்று வார்டே அதிரக் கத்தினான்.

ஜெசிந்தா அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.