பெரட்டில் பழகிய பதில்

பதுளை நீதிமன்றத்தில் பிள்ளைகள் சம்பந்தமான வழக்குகளையே பேசிப் பேசி எனக்கு மனசு மரத்துப்போயிருந்தது. வாசலில் ஒரு தாய் அழுதால் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவேன். அதற்கு மேல் எனக்குள் எதுவும் அசையாது.

அந்தத் தாய் அழவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். அவர் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது, புருஷன் குடித்துவிட்டு மகளைப் பட்டினி போட, பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். புருஷன் பிறகு எங்கேயோ ஓடிவிட்டான். இவர் திரும்பி வந்து கொழுந்து பறிக்கிறார், மகளைக் கேட்கிறார். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையும் எங்கள் பக்கம்தான். மகளுக்கு வாங்கிய சிவப்பு ஸ்வெட்டர் கையிலிருந்த பையில் இருந்தது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தார்.

"நீதவான் ஐயா கேட்டா என்ன சொல்லணும்?" என்று உள்ளே போகுமுன் கேட்டுப் பார்த்தேன்.

"எம்புள்ளய எங்கிட்டயே குடுங்கன்னு சொல்லணுங்க, மிஸ்."

நீதவான் கெட்ட மனிதரல்ல. சிங்களத்தில் தன்மையாகத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "லயத்து வீட்டில ஒரே ஒரு காம்பராதானே. பிள்ளை இல்லத்திலேயே இருந்து படிச்சு முடிக்கட்டும். உங்களுக்குச் சம்மதமா?"

தாய் கைகட்டித் தலைகுனிந்து, "சரிங்க ஐயா" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்வதற்குள், இல்லத்துப் பொறுப்பாளரின் பக்கத்தில் நின்ற மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது, எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் யாரும் மாட்டேன் என்பதில்லை. தலையாட்டிவிட்டு, மலையேறும்போதுதான் துரையின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். மேலே உட்கார்ந்து ஒருவர் கேட்டால் அந்தத் தலை தானாக ஆடிவிடும். சட்டம் படித்த காலத்தில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு முறை கேளுங்கள் என்று எழுந்து மன்றாடினேன். நீதவான் கேட்டார். தாய் என்னைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார்.

"ஐயா சொன்னா சரிங்க."

தாயின் சம்மதத்தோடு என்று கட்டளை எழுதினார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடுத்த வழக்கின் கோப்பைத் தேடினேன்.

மத்தியானம் பஸ் நிலையம் வரைக்கும் அவரோடு நடந்தேன். திரும்பவும் மனு போடுவோம், மாதக்கணக்கில் இழுக்கும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. பஸ் படியில் ஏறப்போனவர், பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், நான் சரின்னு சொன்னது பாப்பாவுக்குக் கேட்டிருக்குமா?"

"அங்க ஒரே சத்தம். கேட்டிருக்காது" என்றேன்.

அவர் தலைகுனிந்து, "சரிங்க மிஸ்" என்றார்.