பதினோராவது சேனல்

என் தங்கைக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கைகளால்தான் பேசுவாள். கோபத்தில் ஆரம்பித்தால் பக்கத்தில் டம்ளர் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருடன் அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. அவருக்கும் காது கேட்காது. சாயங்காலமானால் இருவரும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள்.

அவள் அவரிடம் கேட்டிருந்தது ஒரே கேள்வி. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் அதற்குப் போகலாமா? அவர் பதில் சொல்லக் கையைத் தூக்குவார், படம் நின்றுவிடும். மெசேஜில் கேட்டால், "வீடியோவுல சொல்றேன்" என்று வரும்.

"வேணும்னே நிறுத்துறாரா?" என்று கையால் என்னைக் கேட்டாள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. "அவரு நல்லவருடி. நம்ம நெட்டுதான் கலீஜு" என்று கையாலேயே பதில் கொடுத்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, விஷயம் என்னைக் குடைந்தது. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன. பிறகு ஏன் நிற்க வேண்டும்? எனக்கு எதையும் நோண்டாமல் இருக்க முடியாது. வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். அக்கம்பக்கத்து வைஃபையைக் காட்டும் ஆப் ஒன்றையும் போனில் ஏற்றினேன். திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பின் மொத்த வைஃபையும் ஆறாம் சேனல் என்ற ஒரே அலைவரிசையில் அடைந்து கிடந்தது. பதினொன்று ஏறக்குறைய காலி. காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒரே பெட்டியில் எல்லோரும் முண்டுவதைப் போலத்தான்.

இன்னொன்றும் புரிந்தது. பெட்டியின் பவரை நான்தான் அதிகபட்சத்தில் வைத்திருந்தேன். பெட்டி போடும் சத்தம் போனுக்கு நன்றாகவே கேட்கிறது. போன் திருப்பிச் சொல்லும் சின்னக் குரல்தான் இந்தக் கூட்டத்தில் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. கோடுகள் முழுசாகத் தெரிந்த ரகசியம் இதுதான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் பெட்டியைப் பதினொன்றுக்கு மாற்றினேன். அலைவரிசையின் அகலத்தை நாற்பது மெகாஹெர்ட்ஸிலிருந்து இருபதாக்கினேன், பவரைப் பாதியாக்கினேன். ஆனால் எதிர்வீட்டுப் பெட்டி நாற்பது அகலத்தில் பதினொன்று வரைக்கும் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா, பவரைக் கொறைக்க சொல்ற? என் வூட்லயே சிக்னல் வராம பூடும்."

"அண்ணா, உங்க சிக்னல் எங்க வூட்டு பாத்ரூம் வரைக்கும் வந்துகினு கீது. அங்க அதுக்கு இன்னா வேலை?"

சிரித்துவிட்டு, போனை என்னிடமே கொடுத்தார். அவருடையதையும் அடக்கி வைத்தேன்.

அன்று சாயங்காலம் படம் கண்ணாடி மாதிரி வந்தது. மாப்பிள்ளையின் சட்டைப் பித்தானைக்கூட எண்ணியிருக்கலாம். தங்கை அரை மணி நேரம் பேசினாள், ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் காபி ஆற்றிக்கொண்டே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

படம் நின்றுவிட்டது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தேன், விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிந்தன. திரும்பி வந்து போனைக் குனிந்து பார்த்தேன். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர், ஃபேன் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணைச் சிமிட்டினார். கைகள் மடியிலேயே இருந்தன.

ஆறாம் சேனலிலேயே விட்டிருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

தங்கை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நிதானமாகக் கையசைத்தாள்.

"நெட் நல்லாத்தான் இருக்கு, அக்கா."